அறுபது கூண்டு, பதினெட்டுப் பத்தி

ஜூன் 2, வெள்ளி

உறுதியான செய்தி: வசந்தாவின் கணக்கு இன்று மாலை கணினியில் ஒற்றை வரியில் ஓடிவிட்டது. ஆதாரம்: வசந்தாவே. தாளிப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு முன்னறைக்கு வந்து சொன்னாள். கடுகு கருகியது, அதை நானே பார்த்தேன்.

பின்னணி இல்லாமல் எனக்கு எழுத வராது. முப்பத்திரண்டு வருட நிருபர் வேலையில் வந்த பழக்கம். வசந்தாமணி என் மனைவி. நாமக்கல்லில் அரசுப் பள்ளி ஒன்றில் விலங்கியல் ஆசிரியை. வயது ஐம்பத்தொன்று. பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். இது ஏழாவது வருடம், கடைசி வருடமும்கூட. ஜூலை பதினைந்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். கேள்வி இதுதான்: கோடையில் தீவனத்தோடு முருங்கையிலைப் பொடி கலந்து போட்டால் முட்டையின் எடையும் தரமும் கூடுமா?

சோதனை நடந்தது என் அக்கா மயிலாத்தாளின் கோழிப்பண்ணையில். அறுபது கோழி, அறுபது கூண்டு. பொடி போடுவதற்கு முன் ஒவ்வொரு கோழியிடமும் ஒரு முட்டை. ஆறு வாரம் பொடி தின்ற பிறகு அதே கோழியிடம் இன்னொரு முட்டை. ஒரு முட்டைக்குப் பதினெட்டு அளவுகள்: எடை, நீளம், அகலம், ஓட்டின் தடிமன், மஞ்சள் கருவின் நிறம் என்று போகும். அட்டவணையில் ஒரு கோழிக்குக் குறுக்கே ஒரு வரி, ஒரு அளவுக்கு மேலிருந்து கீழாக ஒரு பத்தி. முன் அட்டவணை ஒன்று, பின் அட்டவணை ஒன்று. இரண்டிலும் அதே பத்தியை எடுத்து, கோழிக்குக் கோழி ஒப்பிட்டு, தெரிகிற வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று சோதிக்க வேண்டும்.

இதற்காக ஒரு மாதமாக லூப் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் பத்தியை எடு, சோதி, விடையை வை, அடுத்ததுக்குப் போ என்று கணினியைச் சுற்ற வைப்பதற்குப் பெயர் லூப். அவளுடைய லூப் ஒன்று பதினேழாவது பத்தியில் நின்றுவிடும், இல்லையென்றால் இல்லாத பத்தொன்பதாவது பத்தியைத் தேடிப் போகும். இன்று அவளுடைய வழிகாட்டி, பேராசிரியை ஹெப்சிபா, தொலைபேசியில் சிரித்தாராம். "சுத்தவே வேண்டாம் வசந்தாமணி. ரெண்டு அட்டவணையையும் முழுசாத் தூக்கிக் குடுங்க. பத்தி பத்தியா அதுவே பாத்துக்கும்."

"ஒரே வரிங்க," என்றாள் வசந்தா. கரண்டி கையிலேயே இருந்தது. "பதினெட்டு விடையும் ஒரே மூச்சுல வந்து உழுந்துருச்சு. நாம் பாட்டுக்கு ஒரு மாசமாச் செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டிருந்தேன்."

"செக்குமாடு சுத்துனா எண்ணெயாச்சும் வரும்."

"இருங்க, உங்களுக்கு இன்னிக்குச் சோறு இல்லீங்க."

சோறு இருந்தது. கருகிய கடுகோடு.

ஜூன் 3, சனி

முட்டை விலை ஐந்து காசு ஏற்றம். செய்தி அனுப்பினேன். பின்னணி கேட்டு அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 5, திங்கள்

பதினெட்டில் பதினான்கு பத்திகள் தேறிவிட்டன. ஆதாரம்: திரை. அவளே என்னை உட்கார வைத்துக் காட்டினாள். ஒவ்வொரு பத்திக்கும் ஓர் எண் வருகிறது. வித்தியாசம் வெறும் தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அந்த எண். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் தேறியது என்று வைத்துக்கொள்கிறார்கள். எடைப் பத்திக்கு வந்த எண்ணில் புள்ளிக்குப் பிறகு சுழியாகவே ஓடியது. எத்தனை சுழி என்று எண்ணப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"எண்ணாதீங்க. கண்ணு பட்டுரும்."

"விஞ்ஞானி பேசற பேச்சா இது?"

"விஞ்ஞானி நாளைக்கு. இன்னிக்கு நானு மயிலாத்தா அண்ணிக்கு ஃபோன் பண்ணோணும்."

அக்காவிடம் அரை மணி நேரம் பேசினாள். முருங்கையிலை உருவிக் காயவைத்து அரைத்தது முழுக்க அக்காதான். எதிர்முனையில் அக்கா சொன்னது எனக்கே கேட்டது, ஒலிபெருக்கி போடாமலே: "நாந்தான் சொன்னனே கண்ணு, முருங்கை உட்டுக்குடுக்காதுன்னு!"

சேமியா பாயசம் வைத்தாள். அலுவலகத்துக்கு ஒரு தூக்கில் கொண்டுபோனேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னேன். கேட்காத இருவருக்கும் சொன்னேன்.

ஜூன் 7, புதன்

கிணற்று மோட்டார் காலையிலிருந்து ஓடவில்லை. சுருள் போயிருக்கலாம் என்கிறார் மெக்கானிக். உறுதியில்லை.

ஆய்வேட்டைப் பிழை திருத்தித் தரும்படி வசந்தா கேட்டிருந்தாள். இருநூற்றுப் பத்துப் பக்கம். மதியம் விடுப்புப் போட்டு உட்கார்ந்தேன். எழுத்துப்பிழை இருபத்துமூன்று. ஒரு படத்துக்கு எண் மாறியிருந்தது. "நன்றியுரை"யில் என் பெயர் அக்கா பெயருக்குப் பிறகு வருகிறது. அது பிழையில்லை என்று தெளிவுபடுத்தினாள்.

பின்னிணைப்பில் இரண்டு அட்டவணைகளும் அச்சாகியிருக்கின்றன. அட்டவணை என்றால் அடிக்கோலை வைத்து மேலிருந்து கீழாக வாசிப்பது என் வழக்கம். தேர்தல் முடிவுகளில் பழகியது. முன் அட்டவணை, முதல் பத்தி, முட்டை எடை. முதல் கூண்டு 46.2 கிராம். அடுத்து 46.8. 47.1. 47.0. 47.9. இப்படியே ஏறிக்கொண்டு போய், அறுபதாவது கூண்டில் 66.4. இங்கொன்றும் அங்கொன்றுமாக அரைக் கிராம் பின்வாங்குகிறது. மற்றபடி ஏற்றம்தான்.

பின் அட்டவணையை எடுத்தேன். 46.9. 47.3. 47.8.

விபத்து நடந்த இடத்துக்குப் போனால் சாட்சிகள் உயரவாரியாக நிற்க மாட்டார்கள். நின்றால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

எழுத்துப்பிழைகளை வசந்தாவிடம் கொடுத்துவிட்டேன். மோட்டாருக்கு நாளை ஆள் வருகிறார்.

ஜூன் 8, வியாழன்

வசந்தா மொட்டைமாடியில் பாடிக்கொண்டே துணி காயப்போட்டாள். மோட்டார் இன்னும் சரியாகவில்லை.

ஜூன் 10, சனி

மாம்பழம் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா பண்ணைக்குப் போனேன். எருமப்பட்டி சாலையில் இருக்கிறது. நாலாயிரம் கோழி. அக்காவுக்கு அறுபத்துமூன்று வயது. மாமா காலமான பிறகு தனி ஆளாகப் பண்ணையை நடத்துகிறாள். ஒரு முட்டையைக் கையில் எடுத்த உடனே கிராம் சொல்வாள். தராசு சும்மா அதை ஆமோதிக்கும்.

"மாம்பழத்துக்கா இத்தன தூரம் வந்தே? வசந்தாகூடச் சண்டையாடா?"

"சண்டையில்லக்கா. ஒரு சேதி கேக்கோணும். பரிசோதனைக்கு அனுப்புனியே, அந்த அட்டையில முட்டைய எப்படி அடுக்குனே?"

முட்டை அட்டையில் முப்பது குழி. அறுபது கோழிக்கு இரண்டு அட்டை. எந்தக் குழியில் இருக்கிறதோ அதுதான் கோழியின் எண் என்பது வசந்தா போட்ட ஏற்பாடு. பென்சிலால் எண் எழுதினால் ஓட்டின் எடை மாறிவிடும் என்று அவளுக்குப் பயம்.

"கூண்டு வரிசையாத்தான். அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே. ஒண்ணாங் கூண்டு முட்டை ஒண்ணாங் குழியில. சில சனியனுக அன்னிக்கு முட்டை உடாது, மறுநாள் வரைக்கும் காத்திருந்து ரொப்புனேன்."

"அப்படியே வண்டியில ஏத்திட்டயா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வை, நான் பல் விளக்காமல் பள்ளிக்கூடம் கிளம்பிய நாளில் பார்த்த பார்வை.

"அப்படியேவா? சின்னதும் பெருசுமாக் கலந்து, ஓட்டப்பல்லு வாயாட்டம் இருந்துது. அந்தக் கோலத்துல என்ற பண்ணை அட்டை வெளிய போறதா? அதும் காலேஜுக்கு. நாலு பெரிய மனுசங்க பாப்பாங்க. வசந்தா மானம் போயிருமில்ல? வண்டி வர்றதுக்குள்ள உக்காந்து, அளவு பாத்து ஒழுங்கு பண்ணித்தான் உட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையுந்தான். ஏன், நல்லா இல்லைன்னாங்களா?"

"நெம்ப நல்லா இருந்துதுக்கா."

திரும்பி வரும்போது நினைத்தேன். வசந்தா அந்த அட்டைகளைக் கண்ணால் பார்த்தவள்தான். ஆனால் நாமக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். அளவாக அடுக்கிய அட்டையைப் பார்த்து இந்த ஊரில் யாரும் வியக்க மாட்டார்கள். கலந்து கிடந்தால்தான் கண்ணில் படும். ஆய்வுக்கூடத்தில் எடைக்கருவி கணினியோடு பேசிக்கொள்கிறது. எண்கள் நேரே பத்தியில் போய் விழுந்துவிட்டன.

ஜூன் 11, ஞாயிறு

மோட்டார் சரியாகிவிட்டது. சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 12, திங்கள்

வசந்தாவிடம் சொல்லிவிட்டேன்.

பள்ளி திறந்த முதல் நாள். சாயங்காலம் வந்து முகம் கழுவிவிட்டு, ஆய்வேட்டை நாளை மறுநாள் அச்சகத்தில் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். அட்டை என்ன நிறம் போடலாம் என்று கேட்டாள். நான் பின்னிணைப்பைத் திறந்து, முதல் பத்தியின் பக்கத்தில் அடிக்கோலை வைத்தேன். அக்கா சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வசந்தா விரலால் பத்தியைக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே போனாள். அறுபதில் நின்றது.

"கோழியே இல்லீங்க இங்க," என்றாள். "முன்னால சின்னதுக்கு நேரா, பின்னால சின்னது. பெருசுக்கு நேராப் பெருசு. அது யாரு முட்டையோ, இது யாரு முட்டையோ. கழிச்சுப் பாத்தா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அரைக் கிராம், முக்காக் கிராம் கூடியிருக்கும். அறுவது கோழியும் பேசி வெச்சுக்கிட்டு ஏறுன மாதிரி. கம்ப்யூட்டரு என்ன பண்ணும்? இது தற்செயலா இருக்கவே முடியாதுன்னு சத்தியம் பண்ணுது."

அளவோடு சம்பந்தப்பட்ட பத்திகள் அத்தனையும் தேறியிருந்தன: நீளம், அகலம், ஓட்டின் எடை, வெண்கருவின் எடை. அதை அவளே ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். அழவில்லை. வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு கேட்டாள்: "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"புதன்கெழமை."

"இன்னிக்குத் திங்கக்கெழமைங்க."

"அக்காகிட்ட உறுதிப்படுத்திட்டு..."

"அது சனிக்கெழமை. நேத்து?"

நான் அடிக்கோலை எடுத்து மேசை ஓரத்தில் நேராக வைத்தேன்.

"எழுத்துப்பிழை இருவத்திமூணு எடுத்துக் குடுத்தீங்க. நானு பாடிக்கிட்டுத் திரிஞ்சேன். பாத்துட்டே இருந்திருக்கீங்க."

"நீ நல்லாப் பாடுனே, வசந்தா."

சொன்ன பிறகுதான் அது தப்பான பதில் என்று தெரிந்தது. தப்பே ஒழியப் பொய் இல்லை.

ஜூன் 13, செவ்வாய்

வசந்தா பேசவில்லை. டிபன் பாக்ஸில் தக்காளிச் சோறு இருந்தது. மூடியில் தனியாகக் கடாரங்காய் ஊறுகாயும் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் பிடிக்கும், அவள் தொடமாட்டாள்.

ஜூன் 14, புதன்

பேசினாள். முதல் வாக்கியம்: "காப்பி ஆறுது." இரண்டாவது: "உக்காருங்க, ஒண்ணு ஓட்டிப் பாக்கோணும்."

கோழிக்குக் கோழி ஒப்பிடுவது இனி முடியாது. எந்த முட்டை யாருடையது என்பது யாருக்கும் தெரியாது; முட்டைகளை உடைத்தாகிவிட்டது. ஆனால் இரண்டு கூட்டங்களாக ஒப்பிட ஒரு வழி இருக்கிறதாம். இந்த அறுபது ஒரு கூட்டம், அந்த அறுபது ஒரு கூட்டம். யார் யாருக்கு நேர் என்ற கேள்வியே அதில் இல்லை. கட்டளையில் ஒரு சொல்லை மாற்றினாள். அதுவும் ஒற்றை வரிதான். பதினெட்டு விடைகளும் மறுபடி ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

தேறியது ஒன்று. மஞ்சள் கருவின் நிறம்.

எடை தேறவில்லை. நூற்றுக்கு ஐந்துக்குள் வர வேண்டிய எண் நாற்பதைத் தாண்டி நிற்கிறது. பொடியால் எடை கூடவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை, கூடியதா என்று இந்த முட்டைகளால் சொல்ல முடியாது என்றுதான் அர்த்தம். இந்த வித்தியாசத்தை வசந்தா எனக்கு இரண்டு முறை விளக்கினாள். எனக்கு முதல் முறையே புரிந்தது. அவள் பேசுவதைக் கேட்க இரண்டாவது முறையும் கேட்டேன்.

நான் ஒன்று கேட்டேன். நிருபர் கேட்டே தீர வேண்டிய கேள்வி. "பழைய விடையவே குடுத்தா யாருக்காச்சும் தெரியுமா?"

"தேர்வாளரு யாரும் பின்னிணைப்ப அடிக்கோல் வெச்சுப் படிக்கமாட்டாங்க," என்றாள். "வீட்டுல இருக்கற ஆளுதான் அந்த மாதிரி." பிறகு தொலைபேசியை எடுத்துப் பேராசிரியை ஹெப்சிபாவைக் கூப்பிட்டாள். முழுவதும் சொன்னாள். அக்கா பெயரைச் சொல்லவில்லை. "அட்டையில இடம் மாறிப்போச்சு மேடம், நான் கவனிக்கல," என்றாள்.

பேராசிரியையின் பதில், வசந்தா எனக்குச் சொன்னபடி: நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு பட்டம் வாங்க முடியாது. புதுக் கோழிகளை வைத்து மறுபடியும் செய்ய வேண்டும். கோடை போய்விட்டதால் தலைப்பிலிருந்து "கோடை"யை எடுத்துவிட வேண்டும். ஆறு மாத நீட்டிப்புக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். ஏழாவது வருடத்தில் நீட்டிப்பு கொடுப்பது அபூர்வம். கொடுக்கவில்லையென்றால் ஏழு வருடமும் போனதுதான்.

"என்ன பண்ணப்போறே?"

"கோழி கேக்கப்போறேன்."

ஜூன் 18, ஞாயிறு

பண்ணைக்குப் போனோம். போகும் வழியில் வசந்தா எனக்கு உத்தரவு போட்டாள்: "அண்ணிகிட்ட ஒண்ணும் சொல்லக்கூடாது. இன்னொரு தடவை செய்யோணும்னு மட்டும் நாஞ் சொல்லிக்கறேன். நீங்க சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும்."

சிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இவன் எதுக்கு இளிக்கறான்?" என்றாள் அக்கா. "அன்னிக்கு மாம்பழத்தோட வந்து அட்டைய எப்படி அடுக்குனேன்னு கேட்டான். இன்னிக்கு நீ வந்து அறுவது கோழி இன்னொருக்காக் குடுங்கறே. முட்டை வியாபாரம் பண்றவளுக்கு மண்டையில ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?"

வசந்தா வாயைத் திறப்பதற்குள் அக்காவே கேட்டாள்: "நாங் குழி மாத்தி வெச்சனே, அதனால கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க அண்ணி. எதுக்காக அந்த வரிசைன்னு உங்களுக்கு நாஞ் சொல்லியிருக்கோணும். சொல்லாம உட்டுட்டேன்."

அக்கா எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டாள். நாலாயிரம் கோழிகளின் சத்தத்துக்கு நடுவே ஒரு மனுசி அழுதால் வெளியே கேட்காது. வசந்தா பின்னாலேயே போனாள். நான் போகவில்லை. என்ன நடந்தது என்பதை நேரில் பார்க்காததால் எழுதவில்லை. திரும்பி வந்தபோது இருவருடைய கண்ணும் சிவந்திருந்தது. வசந்தாவின் முந்தானையில் தீவனத் தூசி. அக்கா சண்டை போடும் குரலில் பேசிக்கொண்டே வந்தாள்.

"மஞ்சக்கரு நெறம் மாறுனது மட்டும் நெசமா?"

"அது நெசந்தானுங்க."

"அது ஒடச்சு ஊத்துனப்பவே எனக்குத் தெரியுமே. அதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டரு?"

"உங்க கண்ணைத் தூக்கி ஆய்வேட்டுல ஒட்ட முடியாதுங்களே அண்ணி."

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ எப்பவே தெரிஞ்சுக்கிட்டு, நெம்ப நல்லா இருந்துதுக்கான்னு சொன்னே பாரு. உன்ற பேப்பரை இனி நான் வாங்கமாட்டேன்."

பக்கத்து வரிசையில் இருக்கும் அறுபது கோழிகளைக் கொடுத்தாள். முருங்கை தின்னாத கோழிகள். முதல் சோதனைக் கோழிகளுக்கு அப்போது இருந்த அதே வயதுதான் என்று வாரத்தை எண்ணிக் காட்டினாள்.

ஜூன் 27, செவ்வாய்

நீட்டிப்பு விண்ணப்பம் பதிவுத் தபாலில் போனது. காரணம் என்று கேட்ட இடத்தில் வசந்தா எழுதியது: "தரவில் முன், பின் இணைகள் பொருந்தவில்லை என்பதை ஆய்வாளரே கண்டறிந்தார்." ஆய்வாளர் இல்லை, ஆய்வாளரின் கணவர் என்று திருத்தம் சொன்னேன். "குடும்பத்துக்கு ஒரு ஆய்வாளர் போதும்," என்றாள்.

ஜூலை 9, ஞாயிறு

முன் முட்டைகள் சேர்ந்துவிட்டன. நேற்று ஐம்பத்திரண்டு, இன்று எட்டு. ஆதாரம்: நான். இரண்டு நாளும் அங்கேயே இருந்தேன்.

அக்கா ஒவ்வொரு முட்டையையும் கூண்டிலிருந்து எடுத்து அதன் குழியில் வைத்தாள். இருபத்தேழாம் குழியில் புறா முட்டைபோல ஒன்று. இருபத்தெட்டில் இரட்டைக்கரு இருக்குமோ என்று நினைக்கும்படி ஒன்று. அவள் கை இரண்டையும் மாற்றிவைக்கப் போய், பாதியில் நின்று, முந்தானையில் துடைத்துக்கொண்டது. அதை மூன்று தடவை பார்த்தேன்.

"பாக்கவே சகிக்கல தம்பி."

"பாக்காத அக்கா."

"பக்கத்துப் பண்ணை வண்டியும் இப்ப வரும். டிரைவரு பாத்தா ஊரெல்லாஞ் சொல்லுவான், மயிலாத்தாளுக்குக் கண்ணு போயிருச்சுன்னு."

கடைசியில் ஒரு வழி செய்தாள். இரண்டு அட்டைகள் மேலும் ஒரு ஈரிழைத் துண்டைப் போர்த்தி, நாலு மூலையும் செருகிவிட்டாள். சீர்வரிசைத் தட்டு மாதிரி இருந்தது. டிரைவர் என்னவென்று கேட்டார். "வெயிலு," என்றாள் அக்கா. வானம் மூடிக் கிடந்தது.

ஜூலை 10, திங்கள்

ஆய்வுக்கூடத்தில் அறுபதும் உடைந்தன. எண்கள் விழுந்தன. சாயங்காலம் வசந்தா கணினியை மூடிவைத்துவிட்டு அச்சிட்ட தாளை என்னிடம் நீட்டினாள்.

"படிங்க. ஒவ்வொரு பத்தியா. மேலிருந்து கீழ."

"பதினெட்டுமா?"

"ஒரே வரியில சோதிக்கலாம். ஒரே வரியில பாக்க முடியாது."

வாசித்தேன். 58.3. 51.0. 62.7. 49.4. எந்த ஒழுங்கும் இல்லாமல் குதித்தது. இவ்வளவு அழகான குழப்பத்தை நான் அச்சில் பார்த்ததில்லை. அக்காவும் தொலைபேசியில் இருந்தாள், ஒலிபெருக்கியில். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் குறுக்கிட்டாள். "அது எத்தனாம் நெம்பரு? முப்பத்தொம்பதா? சரியாத்தான் இருக்கும். அவ தின்னறதெல்லாம் ஒடம்புலயே வெச்சுக்குவா, முட்டையில காட்டமாட்டா." வசந்தா ஒவ்வொரு பத்தியின் தலையிலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். பதினெட்டாவது பத்திக்கு வந்தபோது என் தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காப்பி கொடுத்தாள். அவளாகவே, கேட்காமல்.

இன்றிலிருந்து தீவனத்தில் பொடி கலக்கிறார்கள்.

ஜூலை 14, வெள்ளி

உறுதியான செய்தி: நாளை கடைசி நாள். வசந்தாவின் ஆய்வேடு நாளை கொடுக்கப்படாது. ஆதாரம்: மேசை மேல் இருக்கும் பிரதி. அதில் முடிவுகள் இருந்த ஐந்தாம் இயலின் அத்தனை பக்கங்களையும் அவளே பிரித்து எடுத்துவிட்டாள்.

பள்ளியிலிருந்து வந்து விடைத்தாள் திருத்தினாள். நான் வெங்காயம் உரித்தேன். எடை இந்தத் தடவையும் தேறாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"தேறலைன்னு எழுதுவேன். முருங்கை முட்டையக் கனமாக்காதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, நாலு பேரு வீணாப் பொடி அரைக்கமாட்டாங்க. அதுவும் ஒரு விடைதானுங்க."

"அக்கா ஒத்துக்கமாட்டா."

"அண்ணிக்குத் தனியா ஒரு பின்னிணைப்பு போட்டுக்கலாம்."

பிறகு விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "நீட்டிப்பு இல்லைன்னு சொல்லிட்டா?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அவளே சொல்லிவிட்டாள்: "சொன்னாலும் முட்டைய ஒடைக்கத்தான் போறேன். தெரிஞ்சுக்காம இருக்க முடியாதுங்க எனக்கு."

நிலுவையில் இருப்பவை இரண்டு.

நீட்டிப்பு பற்றிய முடிவு. பல்கலைக்கழகக் குழு நாளை கூடுகிறது. முடிவைத் திங்கட்கிழமை, பதினேழாம் தேதி தெரிவிப்பார்கள் என்று பேராசிரியை ஹெப்சிபா சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் போகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் ஊகிக்கப்போவதில்லை.

பின் முட்டைகள். ஆகஸ்ட் பத்தொன்பது, இருபது தேதிகளில் சேரும். இருபத்தொன்று, திங்கட்கிழமை உடைப்பு. அன்று சாயங்காலம் பத்திகளை நான் வாசித்து முடித்த பிறகு வசந்தா அந்த ஒற்றை வரியை ஓட்டுவாள். அன்றைக்கு இப்போதே விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். செய்தி ஆசிரியர் என்ன காரணம் என்றார். குடும்ப விசேஷம் என்றேன். யாருக்கு என்றார். மனைவிக்கு என்றேன். மேற்கொண்டு விவரம் கேட்டார். முடிவு வந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.